எந்த பாட்டில் என்று சியாமளாவுக்கு ஞாபகமில்லை

என் சிவப்புக் காருக்குப் பூசினால் உலகத்திலேயே சிறந்த பாலிஷைத்தான் பூசுவது என்று முடிவெடுத்தேன். எடுத்து ஒரு மழைக்காலமே போய்விட்டது. முடிவு அப்படியே இருந்தது. காரும் அப்படியே இருந்தது.

என்னைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் வீடு புதுப்பட்டினத்தில். கடல் கூப்பிடு தூரம். நான் சிறுசேரி ஆபீசுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்விடுவேன். கார் வாரம் முழுக்க வாசலில் நின்று உப்புக்காற்று வாங்கும். சிவப்பு என்பது ஆர்.சி.யில்தான் இருந்தது. நேரில் பார்த்தால் பழைய செங்கல்.

இப்படிப்பட்ட மேனிக்கு எதைப் பூசுவது? ஒட்டிய அழுக்கை உருட்டி எடுக்கும் களிமண் கட்டி வாங்கினேன். கீறலைத் தேய்த்து எடுக்கும் காம்பவுண்டு வாங்கினேன். மெழுகு வாங்கினேன். தடவினால் கண்ணாடிக் கவசம் மாதிரி நிற்கும் என்றார்கள், செராமிக் ஸ்பிரேயும் வாங்கினேன். எல்லாம் சீல் பிரிக்காமல் ஷெல்ஃபில் கொலுவிருந்தன. வீடியோவில் ஒருவர் மெழுகுதான் தெய்வம் என்பார். அடுத்தவர் மெழுகு போட்டவன் உருப்பட்டதில்லை என்பார். இருவருக்கும் ஒரே அளவு தாடி. யாரை நம்புவது?

“எதையாவது ஒண்ண எடுத்துத் தேய்ங்களேன்” என்பாள் என் மனைவி சியாமளா.

“தப்பானதத் தேச்சா பெயின்ட் போய்டும். இன்னும் ஆராய்ச்சி முடியல.”

“அது முடியறதுக்குள்ள வண்டி முடிஞ்சிடும்.”

அப்போதுதான் சகலை உலகநாதன் போன் செய்தார். சியாமளாவின் அக்கா கல்யாணியைக் கட்டியவர். அச்சரப்பாக்கத்தில் உரக்கடை. அவர் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு என் கார்தான் என்று சொந்தபந்தம் முழுக்கத் தம்பட்டம் அடித்து வைத்திருந்தேன்.

“சகலை, தப்பா நெனச்சிக்காத. போட்டோல உன் வண்டி ஒரு மாதிரி கீது. மாப்ள வூட்டுக்காரங்க இன்னா நெனைப்பாங்க? செங்கல்பட்டுல ஒரு வாடகை வண்டி சொல்லிடட்டா?”

வாடகைக் காரில் மாப்பிள்ளை போக, பின்னால் என் செங்கலில் நான் போவதா? அதற்கு நான் கல்யாணத்துக்கே போகாமல் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்குள் சொல்கிறேன் என்று வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்தால் பேஸ்ட் தீர்ந்திருந்தது. முந்தின நாள்தான் பிரித்த புதுப் பேஸ்ட். ட்யூப் தகடாகக் கிடந்தது. சலித்துக்கொண்டே பல்பொடியைத் தொட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தவன், அப்படியே நின்றுவிட்டேன்.

கார் பானெட்டில் ஒரு கையகலம் மட்டும் சிவப்பு.

அப்படி ஒரு சிவப்பை நான் ஷோரூமில்கூடப் பார்த்ததில்லை. குனிந்தேன். உள்ளே வேப்பமரம் தெரிந்தது. மரத்துக்கு மேலே வானம் தெரிந்தது. வானத்தில் ஒரு காக்கா போயிற்று. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வாயெல்லாம் பொடியோடு நான் தெரிந்தேன். மெய்சிலிர்த்தது. மோந்து பார்த்தேன். ஜில்லென்று ஒரு புதினா வாசனை. உயர்ந்த சரக்கு என்றால் வாசனையிலேயே தெரிந்துவிடுகிறது.

சியாமளாவைக் கூப்பிட்டேன். தயங்கித் தயங்கி வந்தாள்.

“திட்டாதீங்க. நேத்து உங்க பாட்டிலெல்லாம் தெறந்து பாத்தேன். ஒண்ண மட்டும் லேசாத் தேச்சேன்.”

“எந்த பாட்டில்?”

“உசரமா இருந்ததா... இல்ல குட்டையா இருந்ததா... ஞாபகமில்லீங்க. எல்லாம் இங்கிலீஷ்ல எழுதிகீது, நான் இன்னத்தக் கண்டேன்?”

எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் ட்யூஷன் எடுப்பவள் அவள்தான். அந்த நேரத்தில் எனக்கு அது உறைக்கவில்லை.

ஷெல்ஃபுக்கு ஓடினேன். எல்லா சீலும் பிரிந்திருந்தது. ஒவ்வொன்றாக மோந்தேன். எதிலும் புதினா இல்லை. தேய்க்கத் தேய்க்கத்தான் வாசனை எழும்பும்போல என்று நானே முடிவு கட்டினேன். கண்டுபிடிக்க ஒரே வழி, போட்டுப் பார்ப்பதுதான்.

“உப்பு மேல தேச்சா கீறும்னு உங்க தாடிக்காரர் சொன்னாரே” என்று வாளியும் ஷாம்பும் கொண்டுவந்து வைத்தாள். கழுவினேன். களிமண் கட்டியை உருட்டினேன். பானெட்டில் காம்பவுண்டு போட்டேன். அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். கிட்டத்தட்ட வந்துவிட்டதாம், ஆனால் அது இன்னும் கொஞ்சம் மின்னியதாம், ஒருவேளை அழுத்தித் தேய்த்தாளோ என்னவோ. அழுத்தினேன். இந்தப் பக்கக் கதவுகளில் மெழுகு. அந்தப் பக்கக் கதவுகளில் செராமிக். பின்பக்கம் எல்லாம் கலந்து. கூரையில் வெயில் விழுவதால் வித்தியாசம் அங்கேதான் பளிச்சென்று தெரியும் என்றாள். ஸ்டூல் போட்டு ஏறினேன். சாப்பாட்டைக்கூட அங்கேயே கொண்டுவந்து கொடுத்தாள். தங்கமான மனைவி.

பொழுது சாயும்போது இறங்கி நின்று பார்த்தேன். வாசலில் நின்றது என் கார்தானா? தெருவே அதற்குள் இருந்தது. எதிர்வீட்டு மொட்டைமாடியில் காய்ந்த சேலையின் பூவைக்கூடக் கதவில் எண்ணலாம். அந்தக் கையகலம் எங்கே என்று தேடினேன், கிடைக்கவில்லை. வாடகை வண்டி வேண்டாம் என்று உலகநாதனுக்குச் சொல்லும்போது என் குரலே கம்பீரமாக இருந்தது.

மாப்பிள்ளை அழைப்பில் சீரியல் விளக்கெல்லாம் என் காரில் ஓடியது. நாதஸ்வரக்காரர் என் கதவைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டார். உலகநாதன் பானெட்டைத் தடவியபடியே நின்றார்.

“இன்னா போட்ட சகலை?”

பந்தியில் பாயசம் வரும்வரை விளக்கினேன். பக்கத்துப் பந்தியில் அக்காவும் தங்கையும் எதற்கோ குனிந்து குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். சேலை விஷயமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கல்யாணம் முடிந்து சில வாரம் கழித்து உலகநாதன் போன். நான் சொன்ன எல்லாவற்றையும் வாங்கி அடுக்கிவிட்டாராம். எதைப் போடுவது என்று இன்னும் முடிவாகவில்லையாம்.

“ஆனா ஒரு அதிசயம் சகலை. என் வெள்ள வண்டி டோர்ல கையகலம் மட்டும் முத்தாட்டம் மின்னுது. கல்யாணி ஏதோ ஒரு பாட்டில்லேர்ந்து தேச்சாளாம். எந்த பாட்டில்னு மறந்துட்டாளாம். கிட்ட போனா புதினா வாசன வருது.”

சியாமளாவைப் பார்த்தேன். ட்யூஷன் பிள்ளைகளின் இங்கிலீஷ் நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“சகலை, உங்க வூட்ல பேஸ்ட் கீதா?”

“காலைலயே தீந்துடிச்சிப்பா. உனக்கு எப்டித் தெரியும்?”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சத்தியமாகப் பிரமிப்புதான் வந்தது. ஒரு மழைக்காலம் முழுக்க நான் எடுக்க முடியாத முடிவை, பல் தேய்க்கிற பேஸ்டை வைத்து ஒரே நாளில் என்னையே எடுக்க வைத்தவளைக் கும்பிடுவதா, திட்டுவதா?

“எல்லா பாட்டிலையும் போட்டுப் பாத்துடு சகலை. அப்பத்தான் தெரியும்” என்று சொல்லிவிட்டு வைத்தேன். நான் மட்டும் ஏமாந்து என்ன பிரயோசனம்? இனி என்னிடம் இது பலிக்காது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. போன் வந்த அன்று காலை எங்கள் வீட்டிலும் மறுபடி பேஸ்ட் தீர்ந்திருந்தது. மெல்லத் திரும்பிப் பார்த்தேன். உப்புக்காற்றில் மங்கிப்போன ஜன்னல் கிரில்லில் ஒரே ஒரு கம்பி மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.