பல் டாக்டர் சுக்கான் பிடிக்கப் போன படலம்

வாழ்க பல் டாக்டர்! கடைவாய்ப் பற்களின் காலன், ஊசிமுனை வேந்தன், நோயாளி வாயைத் திறந்த பிறகே நலம் விசாரிக்கும் நுண்மதியோன், 'இழு' என்று எழுதிய கண்ணாடிக் கதவை வெகுநேரம் தள்ளிப் பொருது படகுக் கடைக்குள் புகுந்த வீரத்தைப் பாடுகிறோம்.

திருமணம் ஆனதுமுதல் காரை ஓட்டியவர் மனைவியே. தலைவருக்கு வாய்த்தவை பக்கத்து இருக்கையும், மடியில் சாப்பாட்டுப் பையும், "பின்னாடி வண்டி வருதா பாருங்க" என்னும் அரசாணையும். ஒருமுறையேனும் தன் குடும்பத்தைத் தன் கையால் செலுத்த வேண்டும் என்பதே அவர் நெஞ்சில் கனன்ற வேட்கை.

குடும்பத்தோடு புகுந்த அக்கடையில் ட்ரெய்லர்கள்மேல் எதிரெதிரே நின்றன இரு மோட்டார் படகுகள். ஒன்று வேல்மூக்குச் செம்படகு, சீறும் புலியின் உடன்பிறப்பு. மற்றது நிழற்கூரையும் மெத்தை இருக்கைகளும் கொண்ட வெண்படகு, மிதக்கும் வரவேற்பறை.

மனைவி தீர்ப்புரைத்தார்: "சிவப்புன்னா நீங்களே ஓட்டிக்குங்க, அந்த வேகம் எனக்கு ஆகாது. வெள்ளைன்னா நான் ஓட்டுறேன்."

எதை வாங்கினாலும் அனைவரும் ஏறி உட்கார்ந்து ஆட்டிப் பார்ப்பது இக்குடும்பத்தின் மரபு. கட்டிலும் சோபாவும் அத்தேர்வில் வென்றே வீடு புகுந்தன. ஃபிரிட்ஜ் மட்டும் எப்படியோ தப்பியது. ஆகவே தலைவர் செம்படகேறிச் சுக்கான் பற்ற, மனைவி பின்னிருக்கையில் அமர, மகள்கள் இருவரும் கீழே நின்று, மதகரிக் கன்றுகள் கோட்டைக் கதவை முட்டினாற்போல் ஆட்டத் தொடங்கினர்.

"வளைவு வருதுப்பா, திருப்புங்க!" என்று முழங்கினாள் சின்னவள்.

திருப்பினார். இல்லாத அலையைப் பிளந்தார், தோன்றாப் பாறையை விலக்கினார், வலம் சாய்ந்தார், இடம் சாய்ந்தார், "யாரும் பயப்படாதீங்க, நான் இருக்கேன்!" என்று அஞ்சாத மூவருக்கும் அபயம் அளித்தார். அவர் முகத்தில் வெற்றியொளி சுடர்ந்தது. பின்பு மெல்ல வெளிறியது.

"என்னங்க, வேர்க்குது உங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம்... கரைக்குப் போலாம்."

"அப்பா, நாம கடையிலதான் இருக்கோம்" என்றாள் மூத்தவள்.

அந்தோ! நீர்த்துளி காணாத வறுநிலத்தில், காற்றும் புகாத கண்ணாடி அரங்கில், கண்ணுக்குத் தெரியாத கடலால் கவிழ்க்கப்பட்ட அம்மாவீரர், விற்பனைப் பெண் ஓடிவந்து நீட்டிய குப்பைத்தொட்டியைப் போர்க்களத்துக் கேடயமென மார்புறத் தழுவி, ஒரு கையால் மட்டும் சுக்கானை விடாது பற்றி, இறுதிவரை நின்றார்.

வெள்ளைப் படகை வாங்கினார்கள், மனைவிதான் ஓட்டுகிறார்.