எல்டர் பூ வாளியில் பூனை வாடை

அன்புள்ள எனிட் அத்தைக்கு,

மெரில் எழுதுவது. நீங்களும் மாமாவும் கோழிகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மா சுகம், நாய் ரஸ்டி சுகம். அப்பா சாப்பிடுகிறார், ஆனால் தூங்குவதில்லை. எங்கள் ஒயின் வாளிக்குத்தான் சுகமில்லை.

இது அப்பா சொல்ல நான் எழுதும் கடிதம். "நம்ம குடும்பத்துல காலேஜ் வாசலை மிதிச்சவ நீ ஒருத்திதான். பக்கத்து வீட்டுக்காரன் வாயே திறக்க முடியாதபடி எழுது" என்கிறார். நான் படித்தது புவியியல். பனியாறுகளைப் பற்றிக் கேட்டால் சொல்வேன். பூனைகளைப் பற்றி யாரும் எனக்குப் பாடம் நடத்தவில்லை.

மலர்க் கண்காட்சியின் ஒயின் போட்டிக்கு நீங்கள்தான் செயலாளர் என்பதால், பக்கத்து வீட்டு க்ளெம் பட்டர்ஃபீல்டை அதிலிருந்து நீக்கும்படி அப்பா கேட்டுக்கொள்கிறார். க்ளெம்மின் பூனை பிஷப் எங்கள் வாளிக்குள் அசுத்தம் செய்துவிட்டது. அது தானாகச் செய்யவில்லை, செய்ய வைக்கப்பட்டது என்பது அப்பாவின் கட்சி.

பழைய ரயில் பாதையோரத்து எல்டர் மரம் பூத்ததும், ஒயினுக்குப் பூப் பறிக்க அப்பாவுக்கும் க்ளெம்முக்கும் ஆண்டுதோறும் நடக்கும் ஓட்டப்பந்தயம் உங்களுக்குத் தெரியாததல்ல. இந்த வருடம் அப்பா கொட்டும் மழையில், பால் கறக்கும் நேரத்துக்கும் முன்பே மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு போனார், போனால் அதற்குள் பாதி மரம் மொட்டை, மிச்சத்தைத் தலையணை உறைகளில் திணித்துக்கொண்டு வந்து, எலுமிச்சம்பழமும் சர்க்கரையும் சேர்த்து வாளியில் ஊறப்போட்டு, அம்மாவின் பழைய ஜன்னல் திரையால் மூடினார், சில நாள் கழித்துத் திரையை விலக்கியவர் விலக்கிய வேகத்தில் மூடிவிட்டு, "எல்சி! பூனை!" என்று கத்தினார். அம்மா வந்து பார்த்தாள், பூனை இல்லை, வாடை மட்டும் இருந்தது. அன்றிரவு அப்பா தரையெல்லாம் மாவைத் தூவிவைத்தார். காலையில் அதில் பதிந்திருந்தவை ரஸ்டியின் கால்களும், பூனையின் கால் பதிந்திருக்கிறதா என்று அடிக்கடி வந்து பார்த்த அப்பாவின் கால்களும்தான். "பாத்தியா, தடயமே இல்லாம வந்திருக்கு. பழக்கி அனுப்பியிருக்கான்" என்றார்.

அடுத்து என்னை வேவு பார்க்க அனுப்பினார். முட்டை கடன் கேட்கும் சாக்கில் போய் பிஷப்பை மோந்து பார்க்க வேண்டுமாம். அத்தை, நான் கடையில் போய் ரொட்டி கேட்பதற்கே வீட்டில் ஒத்திகை பார்ப்பவள். வாசற்படியில் படுத்திருந்த பூனையின் அருகே குனிந்தேன். கதவு திறந்தது.

"என்னம்மா, பட்டணத்துல படிச்சிட்டு வந்த பொண்ணு, எங்க பூனையை எதுக்கு மோந்து பாக்குற?"

"முட்டை" என்றேன்.

"அது பூனைம்மா, முட்டை போடாது." சொல்லிவிட்டு என்னையும் எங்கள் வேலியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க நாயை ராத்திரில கட்டித்தானே போடுறீங்க?" என்று கேட்டார்.

நான் முட்டை வாங்காமலே ஓடி வந்து சொன்னதும் அப்பா மேசையைத் தட்டினார். "அதான் திட்டம்! நாயைக் கட்டிட்டா பூனைக்கு ராஜபாட்டை!"

உண்மையைச் சொன்னால், க்ளெம்மின் பார்வையைக் கண்டபின் எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. ஒன்றும் செய்யாதவர் எதற்காக நாயைப் பற்றிக் கேட்கிறார்?

ஞாயிற்றுக்கிழமை தேவாலய மணிக்கூண்டில் இருவரும் முகம் பார்க்காமல் கயிறு இழுத்ததில் மணியோசைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. யாரோ செத்துவிட்டார்கள் என்று கீழ்த்தெருவில் சிலர் தொப்பியைக் கழற்றினார்கள். க்ளெம் இழுக்கும் கயிற்றுக்குப் பக்கத்தில் இனி நிற்கப்போவதில்லை என்கிறார் அப்பா. அதுதான் எனக்குக் கவலை. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அவர்கள் சேர்ந்து மணியடிப்பவர்கள். ஒயின் கெட்டால் அடுத்த ஜூனில் மறுபடி பூ பூக்கும்.

ஆகவே தாங்கள் தீர விசாரித்து ஆவன செய்யுமாறு அப்பா கேட்டுக்கொள்கிறார். உங்கள் கோழிக்கூட்டை நரி எட்டிப் பார்க்காதிருக்கட்டும். மாமாவின் முழங்காலுக்கு எங்கள் எல்லோருடைய விசாரிப்புகள்.

அன்புடன்,
மெரில்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது க்ளெம் தன் வாளியோடு எங்கள் சமையலறைக்குள் வந்துவிட்டார். "ஸ்டான்! உன் நாய் பண்ணின காரியத்தை நீயே மோந்து பாரு!" அம்மா இரண்டு வாளிகளையும் மோந்து பார்த்தாள். "ஏன்யா, ரெண்டு பேரும் மழையிலயா பறிச்சீங்க? வெயில் படாம பறிச்ச எல்டர் பூ பூனை நாத்தம் அடிக்கும்னு தொட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியுமே!" இருவரும் ஒரே நேரத்தில், "இவன் முந்திக்குவான்னு சொன்னாங்களே!" என்றார்கள். "யாரு சொன்னது?" என்றாள் அம்மா. இருவரும் உங்கள் பெயரைச் சொன்னார்கள், அத்தை. எல்டர் பூ ஒயினுக்கு இவர்கள் இருவரையும் விட்டால் இந்த வருடம் பெயர் கொடுத்திருப்பது நீங்கள் மட்டும்தான் என்பது அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. இப்போது அப்பாவும் க்ளெம்மும் போன வருடத்து முள்ளங்கி ஒயினை ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றிக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். மேலே எழுதிய புகாரில் க்ளெம்மின் பெயர் வரும் இடங்களில் உங்கள் பெயரைப் போட்டுப் படித்துக்கொள்ளச் சொன்னார் அப்பா. சனிக்கிழமை மாலை எல்லோரும் உங்கள் வீட்டுக்குத் தேநீருக்கு வருகிறோம். வாளிகளையும் கொண்டுவருகிறோம்.