வேம்பில் உட்கார்ந்து கேட்ட கச்சேரி

பெண் கேட்கப் போனபோது நான் ஒரே ஒரு பொய்தான் சொன்னேன். கோயமுத்தூரில் ரேடியோ விற்கும் கடையொன்றில் பெட்டிகளைத் துடைத்து அடுக்குவதும், வருகிறவர்களுக்கு நாற்காலி போடுவதும் என் உத்தியோகம். அதை ‘ரேடியோ இஞ்சினியர்’ என்று சுருக்கிச் சொன்னேன். (விரித்துச் சொல்லியிருந்தால் பெண் கிடைத்திருக்காது.)

சோமனூர்ப் பக்கத்து மாமனாருக்கு அதில் தலைகொள்ளாப் பெருமை. மதராஸில் ரேடியோ நிலையம் வந்த புதிதில் அவரும் ஒரு பெட்டி வாங்கினார். வாசலில் நின்ற வேம்பின் உச்சிக்கிளையிலிருந்து களத்து மூங்கில்வரை செப்புக் கம்பி இழுத்து ஏரியல் கட்டினார். வேம்பில் அதனோடு முறுக்கிய இன்னொரு கம்பி வீட்டுக்குள் பெட்டிக்கு இறங்கியது. கொஞ்ச நாள் நன்றாகப் பாடிய பெட்டி, மழைக்காலம் முடிந்ததும் இருமத் தொடங்கியது.

“ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாதசுரக் கச்சேரிங்க மாப்பிள்ளை. ஊரையே வரச் சொல்லிப்போட்டேன். நீங்க வந்து ஒரு பார்வை பாத்தாப் போதுமுங்க” என்றார்.

நானும் என் மனைவி சரசுவும் போனபோது வாசல் நிறைய ஜனம். நான் எல்லாக் குமிழையும் திருகினேன். பெட்டியைத் தட்டினேன். இருமல் ஆஸ்துமாவாக முற்றியது.

“கோளாறு மேலே இருக்குதுங்க” என்று வானத்தைக் காட்டினேன். அங்கே போய்ப் பார்க்க யார் சொல்லப்போகிறார்கள் என்ற தைரியம்தான். மாமனார் உடனே ஏணியைக் கொண்டுவரச் சொன்னார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினேன். உச்சிக்கிளையில் கால் வழுக்கியது. விழாமலிருக்கக் கைக்கு அகப்பட்ட கம்பி முறுக்கை இறுகப் பிடித்தேன். அவ்வளவுதான், வீட்டுக்குள்ளிருந்து நாதசுரம் பீறிட்டது! கீழே ஒரே ஆரவாரம். பெருமையோடு கையை எடுத்தேன். மறுபடியும் இருமல்.

“மாப்பிள்ளை! புடிச்ச புடியை உட்றாதீங்க!”

“எவ்வளவு நேரத்துக்குங்க?”

“ஒரு மணி நேரந்தானுங்க!”

பிடித்தேன். நான் இப்போதைக்கு நகரப்போவதில்லை என்ற சேதி அந்த மரத்துக் கட்டெறும்புகளுக்கு எட்டிவிட்டது. தவில் வாசிக்கிறவர் ஒரு அடி அடித்தால் எறும்பு இரண்டு கடி கடித்தது. கீழே ஒரு பெரியவர், “இஞ்சினியருன்னா இவருதானுங்க. எப்படி ரசிச்சுத் தலையாட்டறாரு பாருங்க” என்றார்.

கடைசியில் சரசுதான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறி வந்தாள். கையில் ஒரு உருண்டைப் புளி. முறுக்கை உற்றுப் பார்த்தாள்.

“ஏனுங்க, கம்பியெல்லாம் பச்சைக் களிம்பு புடிச்சுக் கெடக்குதுங்க. முறுக்கும் தளந்து கெடக்குது.”

எனக்குத் தாங்கவில்லை. “சரசு, நான் இஞ்சினியர் இல்லை. பெட்டி துடைக்கிறவன்” என்றேன்.

“கண்ணாலமான மறுவாரமே தெரியுமுங்க. கையை எடுங்க.”

எடுத்ததும் நாதசுரம் நின்றது, கீழே கூச்சல் எழுந்தது. அவள் அதைக் காதில் வாங்காமல் முறுக்கைப் பிரித்தாள். செப்புக்குடம் துலக்குவதுபோல் இரண்டு முனைகளையும் புளி போட்டுத் தேய்த்தாள். முந்தானையால் துடைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கி முறுக்கினாள். நாதசுரம் முன்னைவிடக் கணீரென்று வந்தது. யாருடைய கையும் கம்பியில் இல்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்கும்தான். மீதிக் கச்சேரியை இருவரும் கிளையிலேயே உட்கார்ந்து கேட்டோம்.

அன்றுமுதல் மாதம் ஒருமுறை அந்தக் கம்பியைத் துலக்குவது, அதில் உரசும் கிளைகளைக் கழிப்பது எல்லாம் சரசு பொறுப்பு. ஏணி பிடிப்பது இஞ்சினியர் பொறுப்பு.

அடுத்த தையில் மைத்துனியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாமனார் பையனுடைய படிப்பைக் கேட்கவில்லை, நிலத்தைக் கேட்கவில்லை. “தம்பி, மரத்து மேல ஒரு மணி நேரம் அசையாம இருப்பீங்களா?” என்றார். பையன் மிரண்டுபோய், “இருப்பேனுங்க” என்றார்.

அந்தச் சகலை இன்றைக்கும் எந்த விசேஷத்துக்கு வந்தாலும், வேம்பை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறார்.