அகஸ்ரினின் திறமான துவக்கு

சாமான் வாங்குகிறவர்கள் பலவகை. தேவைக்கு வாங்குகிறவர், மலிவுக்கு வாங்குகிறவர், பக்கத்து வீட்டுக்காரர் வாங்கினார் என்பதற்காக வாங்குகிறவர். இவர்களை விட்டுவிடுவோம். இங்கே நாம் பார்க்கப்போவது ‘திறமான சாமான்காரர்’ என்ற இனத்தை. இவருக்குத் தேவை முக்கியமில்லை. சாமான் திறமாக இருக்கவேண்டும். வாங்கியபின் அது அப்படியே இருக்கவேண்டும்.

கனடாவின் ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் அகஸ்ரின் இந்த இனத்தின் தலைமகன். அவர் வீட்டுச் சோபாவில் இருந்து பாருங்கள், கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்ரிக் இன்னமும் கரகரக்கும். அப்படிப்பட்ட மனிதருக்கு வேட்டைத் துவக்கு எதற்கு என்கிறீர்களா?

எல்லாம் போன நத்தார்ப் பண்டிகையால் வந்த வினை. மனைவி பேர்ணடெற்றின் தமையன் கிளிபோட், தான் சுட்ட மானைக் கறியாக்கிக் கொண்டுவந்திருந்தார். எல்லாரும் விரலைச் சூப்பிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, “மச்சான், உது உமக்குச் சரிவராது. நீர் டோர்செட் பார்க் இறைச்சிக்கடையிலை வரிசையிலை நிண்டு ஆட்டைப் பிடியும்” என்றார். சனம் சிரித்தது. பேர்ணடெற்றும் சிரித்தார். அதுதான் அகஸ்ரினுக்குத் தாங்கவில்லை.

“வாற நத்தாருக்கு மான் என்ரை துவக்காலை!”

லைசென்ஸ் எடுப்பதெல்லாம் சுலபமாக முடிந்தது. துவக்கைத் தெரிவுசெய்வதல்லவா வேலை! கோடை முழுவதும் வீடியோ பார்த்து, பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றவர்களையெல்லாம் மறித்து அபிப்பிராயம் கேட்டு, வாழ்நாளில் துவக்கைத் தொடாதவர்கள் சொன்னதையும் பயபக்தியோடு மனதில் வாங்கி, கடைகடையாக ஏறி, மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல ஒவ்வொரு துவக்கையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, கடைக்காரர் பெருமூச்சு விட்ட பிறகுதான் அடுத்த கடைக்குப் போனார். கிளிபோட்டையும் ஒரு சொல் கேட்டார்.

“பத்தைக்குள்ளை மான் கிட்டத்தான் வரும் மச்சான். சின்ன ஸ்கோப்பே காணும்.”

“நீர் என்னத்தாலை சுடுறனீர்?”

“ஆரோ வித்த பழசு.”

பழசா! இதற்குப் பிறகு அகஸ்ரின் சின்ன ஸ்கோப்பைத் திரும்பிப் பார்ப்பாரா? கடையில் இருந்த குறிபார்க்கும் கண்ணாடிகளில் பெரியதை வாங்கிக் கண்ணில் வைத்தார். தெருவுக்கு அப்பால் கோப்பிக் கடையில் ஒருவர் கடித்த டோனட்டில் ஒட்டியிருந்த சீனி தெரிந்தது. “இதுதான்!” என்றார்.

துவக்கும் ஸ்கோப்புமாக வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, காப்பு. கண்ணாடிக்குக் கடைக்காரர் தந்த மூடி. அதற்குமேல் சாப்பாடு சுற்றும் பிளாஸ்ரிக். அதற்கும்மேல், குசினி லாச்சியில் வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த தமிழ்க்கடைப் பைகளில் நல்லதாக ஒன்று, இறுக்கிய முடிச்சோடு.

நவம்பர் வந்தது. வேட்டைக் காலத்தின் கடைசி நாள். செம்மஞ்சள் அங்கியும் தொப்பியுமாக அகஸ்ரின் ஒரு மரத்தடியில் இருந்தார். சற்றுத் தள்ளி கிளிபோட். உண்மையாகவே மான் வந்தது. கொழுத்த ஆண்மான், ஒரு கல்லெறி தூரத்தில், அவருக்குப் பக்கவாட்டாக நின்று புல்லைக் கடித்தது. அகஸ்ரினுக்கு நத்தார் மேசை தெரிந்தது. பேர்ணடெற் கறிச்சட்டியைத் திறப்பது தெரிந்தது. மெதுவாகப் பையின் முடிச்சில் கைவைத்தார்.

சர சர சர.

மான் நிமிர்ந்து பார்த்தது. அகஸ்ரினும் பார்த்தார். பிறகு மான் இல்லை.

“ஏன் சுடேல்லை?” கிளிபோட் ஓடிவந்தார்.

“கழட்டிக்கொண்டிருந்தனான்.”

“ஐயோ, அப்ப நீர் இன்னும் ஒரு வெடிகூட வைச்சுப் பாக்கேல்லையே?”

“சுட்டுப் பழகிற இடத்திலை ஒரே தூசி மச்சான். நான் வெளியிலை எடுக்கேல்லை.”

இந்த நத்தாருக்கும் மான் கறி கிளிபோட்டினதுதான். அகஸ்ரின் எழுந்துபோய் ஸ்கோப்பை மட்டும் கழற்றிக்கொண்டு வந்து காட்டினார். “பாருங்கோ, ஒரு கீறல் இருக்கோ?” இம்முறை பேர்ணடெற் சிரிக்கவில்லை. கணவரின் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னொரு கரண்டி கறி போட்டார். போன வருடச் சிரிப்பே பரவாயில்லை என்று பட்டது அகஸ்ரினுக்கு. பாவம் மனிதர்.

நீங்கள் தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் சிரிப்பு வெளியே கேட்காமலிருக்க ரீவியின் சத்தத்தைக் கூட்டுகிறீர்களே, அந்த ரிமோட்டைக் கொஞ்சம் பாருங்கள். உங்கள் விரலுக்கும் பொத்தானுக்கும் நடுவில் மினுங்கிக் கரகரக்கிறதே, அது என்ன?