நான்கு வெள்ளிக்கிழமைகளாகப் பஸ் ஏறாத பெட்டி

ரூசே,
மார்ச் 19, வியாழன்

மரியாதைக்குரிய அண்ணன் லுபென் அவர்களுக்கு, தங்கை டெனிட்சா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மச்சான் ஸ்தானிமிரும் குழந்தை ராலித்சாவும் சௌக்கியம். இந்த வீட்டின் நான்காவது ஆளான உன் கிதார் ஆம்ப்ளிஃபயரின் சௌக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வலென்சியாவில் நீயும், உன் பாண்டுக்காரர்களும், நீ ஓட்டும் ஆரஞ்சு லாரியும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். பதில் இத்தனை தாமதமானதற்கு மன்னித்துக்கொள். ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஃபோனில் நீ "சரி சரி, வைக்கட்டுமா" என்பாய்.

"பெட்டியை வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஏற்றிவிடு, அது வந்துவிட்டால் அங்கிருந்து எனக்கு வேறெதுவும் தேவைப்படாது" என்று எழுதியிருந்தாய். முதல் பாதியை ஒரு தடவை படித்தேன், இரண்டாம் பாதியைப் பதினொரு தடவை. போகட்டும். பழுதான பெட்டியை அனுப்பி ஸ்பெயின்காரர்கள் முன்னால் உன் மானத்தை வாங்க முடியுமா? நீ போன இந்த மூன்று வருஷமும் அது பால்கனியில் ஊறுகாய் ஜாடிகளைத் தாங்கிக்கொண்டு நின்றது. பிளக்கைச் செருகினால் தேன்கூட்டில் தலையை விட்டதுபோல இரைச்சல், வால்யூம் குமிழைத் தொட்டால் காய்ந்த ரொட்டி நொறுங்கும் சத்தம். வால்வு இல்லாத, வெறும் டிரான்சிஸ்டர் பெட்டிதானே, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சமையலறை மேசையில் ஏற்றினேன்.

நான் பட்டம் வாங்கியது தயிர்க் கிருமிகளில் என்பது உனக்குத் தெரியும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் பெரிய கண்டென்சர்களில் மின்சாரம் தங்கியிருக்கும் என்று ஒரு புத்தகத்தில் படித்துவிட்டு, வீட்டில் குழந்தை இருக்கிறதே என்ற பயத்தில் மேசையைச் சுற்றி நாற்காலிகளை வேலிபோல அடுக்கி இரண்டு நாள் காத்திருந்தேன். ஸ்தானிமிர் நின்றுகொண்டே சூப் குடித்தபடி, "ஏன் டெனி, கரண்ட் வடியுதா, இல்ல தயிர் உறையுதா?" என்றான். பிறகு உப்பிப்போன இரண்டு கண்டென்சர்களையும் கழற்றிப் புதிது வைத்தேன். வெள்ளைப் பட்டை உள்ள பக்கம் மைனஸ் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த நேரம் பார்த்து ராலித்சா மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள், நான் அவளைப் பார்த்தேன், கை ஒன்றைத் தலைகீழாக வைத்துவிட்டது. சுவிட்சைப் போட்டதும் டமார் என்று வெடித்து அதன் தகர மூடி உத்தரத்தில் போய் மோதியது. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினேன், அண்ணா. அவளோ அழுகையை நிறுத்திவிட்டு, பிறந்ததிலிருந்து சிரிக்காத சிரிப்பாகச் சிரித்து, இன்னொரு தடவை என்று கையை நீட்டுகிறாள். கீழ்வீட்டு த்ஸ்வெதானா மாவுக் கையோடு ஏறி வந்தாள்.

"என்னடி, சமையலா சண்டையா?"

"கண்டென்சர் வெடிச்சிடுச்சு அக்கா."

"எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் ஒரு தடவை தேன்கூட்டைப் பிரிச்சுப் பாக்கறேன்னு உக்காந்தாரு. சொந்தமா ரிப்பேர் பண்றதெல்லாம் ஆஸ்பத்திரியிலதான் முடியும், சொல்லிட்டேன்."

முதல் வெள்ளிக்கிழமை இப்படிப் போயிற்று. அதன் பிறகு புத்தி வந்து, ஒரு நூறு வாட் குண்டு பல்பைத் தொடராகக் கோர்த்து அதன் வழியாகவே கரண்ட் கொடுத்தேன். பல்பு பளீரென்று எரிந்தால் உள்ளே கோளாறு, மின்னிவிட்டு மங்கினால் நல்லது. மங்கியது. கிதார் வயரைச் செருகும் இடத்தில் ஈயப்பற்று விரிசல் விட்டிருந்தது, நீதான் வயரில் தடுக்கித் தடுக்கி விழுவாயே, அதைச் சுட்டு ஒட்டினேன், குமிழ்களுக்கு அழுக்கு எடுக்கும் மருந்து அடித்தேன். அதில் இரண்டாம் வெள்ளி போயிற்று. இப்போது மிச்சமிருப்பது ஓர் ஊசித் திருகு. டிரான்சிஸ்டர்கள் சும்மா இருக்கும்போது எவ்வளவு கரண்ட் குடிக்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறதாம். இடப்பக்கம் ஒரு மயிரிழை கூடினால் மெல்லிய ஸ்வரம் தொண்டை கட்டியதுபோலக் கரகரக்கிறது, வலப்பக்கம் கூடினால் பின்பக்கத் தகட்டில் முட்டை பொரிக்கலாம். மூன்றாம் வெள்ளியும் அதிலேயே போய்விட்டது. நாளையும் முடியாது. அவசரப்பட்டுச் செய்கிற காரியமா இது?

பஸ் டிரைவர் மெத்தோதி போன வாரம் வாசலுக்கே வந்துவிட்டார். "என்னம்மா, இந்த வாரமும் பெட்டி இல்லையா? உங்க அண்ணன் அங்க ஸ்டாண்டுல நின்னு நின்னு வெறுங்கையோட திரும்பிப் போறான்."

"மெலிஞ்சிருக்கானா?" என்றேன்.

"தொப்பி போட்டிருந்தான்மா. மூஞ்சியவே பாக்கல."

இந்தக் கடிதமும் ஒரு ஜாடி குடமிளகாய் விழுதும்தான் நாளை அவரோடு வருகின்றன. ஜாடியையாவது குலுக்காமல் வாங்கிக்கொள்.

ராலித்சா இன்னும் நடக்கவில்லை. டாக்டர் கவலை வேண்டாம் என்கிறார், நான் படுகிறேன். நேற்று லிஃப்டில் த்ஸ்வெதானா, "பதினொரு மாசப் பிள்ளைய எந்நேரமும் இடுப்புலயே வச்சிருந்தா எப்படிடி நடக்கும்? இறக்கி விடேன்" என்று பிடித்துக்கொண்டாள். முதுகு விட்டுப்போகிறது, பத்து கிலோ இருக்கிறாள். அவள் முதல் அடி வைத்தால்தான் நம் ஊர் வழக்கப்படி ரொட்டி சுட்டு மேசையில் சாமான் பரப்ப முடியும், நடந்து போய் எதை எடுக்கிறாளோ அதுதான் பின்னாளில் அவள் தொழில். உனக்கு அம்மா பரப்பியபோது கத்திரிக்கோல், பேனா எல்லாவற்றையும் தாண்டிப் போய் நீ ரேடியோ குமிழைப் பிடுங்கினாயாம். அதைப் பார்த்தவர்களில் இன்று யாரும் இல்லை. அதைக் கேட்டவர்களில் நாம் இரண்டு பேர் இருக்கிறோம்.

உன் கிதார்க் கம்பிகள் அறாமலும் உன் லாரி வழியில் நிற்காமலும் இருக்கட்டும். ஸ்தானிமிர் விசாரித்தான். ராலித்சா உன் பெட்டியின் முன்துணியில் எச்சில் முத்தம் ஒன்று வைத்திருக்கிறாள், துடைக்கவில்லை.

அன்புத் தங்கை,
டெனிட்சா

பி.கு.: அண்ணா, ஊசித் திருகு அரை மணி நேர வேலை, சூடேறட்டும் என்று காத்திருந்து மறுபடி திருகியதையும் சேர்த்து. இரண்டாம் வெள்ளிக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. சரியாகிவிட்டதென்று தெரிந்தால் ஸ்தானிமிரே தூக்கிப்போய் ஏற்றிவிடுவான் என்று ஃபியூஸைக் கழற்றி உப்பு ஜாடியில் போட்டுவைத்திருக்கிறேன். அவன் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனதும் அதை மாட்டி, நீ விட்டுப்போன, மூன்று கம்பி மட்டும் மிஞ்சிய கிதாரில், நீ சொல்லித்தந்த ஒரே கூட்டு ஸ்வரத்தை வாசிப்பேன். செவ்வாய்க்கிழமை அப்படி வாசித்தபோது ராலித்சா சோபாவை விட்டுவிட்டு, நாலு எட்டு வைத்து, பெட்டி வரைக்கும் நடந்து வந்தாள். யாரிடமும் சொல்லவில்லை, ஸ்தானிமிரிடம்கூட. யாராவது பார்த்துவிட்டால் நீ இல்லாமலே ரொட்டி சுட வேண்டியிருக்கும் என்றுதான் இடுப்பை விட்டு இறக்காமல் வைத்திருக்கிறேன். மெத்தோதியின் பஸ் ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து திரும்புகிறது, ஜன்னலோர இருக்கை ஒன்று காலியாம். சீக்கிரம் வா, முதுகு தாங்கவில்லை.