மாஸ்டரை மைதானத்துக்குத் தூக்கிப்போன கதை

கொட்டாஞ்சேனை,
1938.

அன்பும் மதிப்பும் மிகுந்த பதியுதீன் நானா சமூகத்திற்கு, தங்கை றலியா சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. வெலிகமையில் நீங்களும் லுத்பியா மதினியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க அல்லாஹ்விடம் கையேந்துகிறேன். இங்கும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். அது அந்தப் பக்கம் போக மறுக்கிறது.

உங்கள் மச்சான் தொடை எலும்பை முறித்துக்கொண்டு படுத்திருக்கிறார். கடையை அடைத்ததும் மைதானத்துக்குப் போய்ப் பொடியன்மாருக்கு மாஸ்டராக உதைபந்து பழக்குகிறவர், பழக்குவதோடு நின்றிருக்கலாம். கோல் காக்கிற நம் ஜவாஹிறாவின் மகன் ஸமீமுக்குப் பந்தைப் பாய்ந்து பிடிப்பது எப்படி என்று, இந்த வயதில் தானே பாய்ந்து காட்டினாராம். பந்தைப் பிடித்துவிட்டார், அதில் குறை சொல்ல முடியாது. டாக்டர் பலகை வைத்துக் கட்டி, கட்டிலை விட்டு அசையக்கூடாது என்றார். அன்றிலிருந்து இது என் வீடா, கிளப்பா என்று தெரியவில்லை. விடியுமுன் ஒருவன் முதுகு துடைக்க வருகிறான், இன்னொருவன் சவரம் செய்துவிட வருகிறான், எல்லாரும் தேத்தண்ணி குடிக்கிறார்கள். நான் குசினிக்குள் திரைக்குப் பின்னால் அடைபட்டுக் கிடக்கிறேன். ஆட்டம் போடும் விதத்தைப் பார்க்க என் பீங்கான் கோப்பைகளை ஆட்டக்காரர்களாகத் தரையில் பரப்பி, எதிரணியின் இடது பக்கத்தை உடைத்தும் விட்டார்கள்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்வேன் நானா. இவர்தான் பேச்சைக் குறைத்துவிட்டார். பலகையை அவிழ்த்து, இனி மெல்ல எழுந்து நிற்கப் பழகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, “என்ட ஆட்டம் முடிஞ்சி றலியா” என்றார். இதற்குள் ஒரு பெரிய கிளப்பிலிருந்து ஆள் வந்து, இவருடைய அணியில் கோல் அடிக்கிற சென்டர் போர்வர்ட் அழகுமுத்துவைக் கேட்டான். அவன் கொச்சிக்கடைத் துறைமுகத்தில் நிலக்கரி சுமக்கிற பையன். அங்கே போய் ஆடினால் நிரந்தர வேலை கிடைக்குமாம். இவர் போ என்கிறார். அவன் கேட்காதவன் போலத் தலையணையைத் தட்டிப் போடுகிறான்.

போன சனிக்கிழமை கிண்ணத்துக்கான கடைசி ஆட்டம். மாஸ்டர் பார்க்காமல் ஆட மாட்டோம் என்று பொடியன்மார் கட்டிலோடு இவரைத் தூக்கிவிட்டார்கள். நான் திரைக்குப் பின்னாலிருந்து கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. வெயில் சுடுமென்று ஒரு வெள்ளைப் படங்குத் துணியையும் முகம் வரை இழுத்து மூடினார்களாம். பிறகு கேட்க வேண்டுமா? கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். மாதா கோவிலடியில் தொப்பிகளைக் கழற்றினார்கள். எங்கிருந்தோ வந்த ஒரு ஹாஜியார் கலிமா ஓதிக்கொண்டே தோள் கொடுத்து, கொஞ்ச தூரம் போன பிறகு ஸமீமிடம் மெதுவாகக் கேட்டிருக்கிறார்.

“எப்ப மகன் மவுத்தானது?”

படங்குக்கு உள்ளேயிருந்து இவர் சொன்னாராம்: “இன்னும் ஆகல்ல ஹாஜியார். கால் மட்டுந்தான் முறிஞ்சி.”

நல்ல மனுஷன், பதறினாலும் கட்டிலை விடவில்லை. மைதானம் வரை சுமந்து, ஆட்டத்தையும் பார்த்துவிட்டுப் போனார்.

ஆட்டத்தில் தோற்றார்கள். சமப்படுத்தக் கிடைத்த கடைசிப் பந்தை அழகுமுத்து கம்பத்துக்கு மேலே அடித்துவிட்டானாம். இவரைக் கட்டிலோடு கொண்டுவந்து வைத்துவிட்டு எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். அவன் மட்டும் நின்றான். இவர் மெல்லச் சொன்னதைத் திரைக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

“அந்தப் பந்த விடு. நீ அந்தக் கிளப்புக்குப் போ மகன். நல்ல வேல. நான் இனி ஒனக்கு என்னத்தப் பழக்க?”

“போறேன் மாஸ்டர். நீங்க ஒங்க காலால நடந்து வந்து, என்னைய அந்தக் கிளப்பு வாசல்ல விட்டுட்டுப் போங்க. அன்னைக்குப் போறேன்.”

இவர் படங்கின் ஓரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நானும் குசினியில் புகை என்று சொல்லிக்கொண்டேன், அடுப்பு எரியாவிட்டாலும்.

ஆனால் நானா, இப்படியே போனால் கூடிய எலும்பும் நிலைக்காது, மிச்சமிருக்கிற என் கோப்பைகளும் தப்பாது. தயவுசெய்து உங்கள் காரை உடனே அனுப்புங்கள். பந்தும் பொடியன்மாரும் இல்லாத வெலிகமையில் இவர் கொஞ்ச நாள் படுத்திருக்கட்டும். மதினிக்கு என் சலாமையும், பிள்ளைகளின் கன்னங்களுக்கு என் முத்தங்களையும் சேர்ப்பியுங்கள்.

துஆவை நாடும் தங்கை,
றலியா.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், அறையில் சத்தம். எட்டிப் பார்த்தால் இவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாக நிற்கிறார், நானா. வலியில் வியர்த்து வழிய, ஒரு அடியும் வைத்தார். நான் அழுதுவிட்டேன். “அழாத, அழகுமுத்துக்கு மட்டும் சொல்லிராத. நடக்கிறேன்னு தெரிஞ்சா அவன் போயிருவான். லீக் ஆட்டம் மிச்சமிருக்கு, இந்த சீசன் முடியட்டும்” என்றார். போ போ என்று விரட்டிய அதே வாய். அப்போதுதான் பார்த்தேன், ஜன்னலுக்கு வெளியே வேலியோரம் அழகுமுத்து. எல்லாம் பார்த்துவிட்டான். என்னைக் கண்டதும் வாயில் விரலை வைத்துக்காட்டி, படலை வாசல் வரை திரும்பிப் போய், ஊருக்கே கேட்கிற மாதிரி இருமிக்கொண்டு வந்தான். இவர் விழுந்தடித்துக் கட்டிலில் படுத்து முனகத் தொடங்கினார்.

“இன்னைக்காவது கால் அசையுதா மாஸ்டர்?”

“எங்க மகன்.”

காரை அனுப்ப வேண்டாம்.