நாலு எண்ணி மூச்சு

டென்னிஸ் ஆட்டத்தின் முதல் செட்டிலேயே மூன்றாவது டபுள் ஃபால்ட்; இரண்டு சர்வும் தவறு. குருவி பந்தைக் கையில் பிடித்தபடி, கேலரியில் உட்கார்ந்திருந்த அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

அப்பா முகத்தை அசைக்கவில்லை. "பாயிண்ட் வந்தாலும் போனாலும் முகம் ஒரே மாதிரி இருக்கணும் சார்" என்று மனப்பயிற்சியாளர் சொல்லியிருந்தார். ஒரு வாரம் கண்ணாடி முன் நின்று பழகிய முகம் அது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவே சிக்கி அலறுகிறவர்களிடம், "பதறாதீங்க, இதோ திறந்துடறேன்" என்று கதவிடுக்கு வழியாகச் சொல்லியே இருபது வருடம் ஓட்டியவர். குருவியின் அம்மா இறந்து எட்டு மாதம். அதிலிருந்தே இவளுடைய ஆட்டமும் ஆட்டம் கண்டுவிட்டது. இன்று தோற்றால் அணியிலிருந்து பெயர் அடிபடும்.

மனப்பயிற்சியாளரைத் தேடிப்பிடித்தது பதினேழு வயதுக் குருவிதான். "நீயும் வாப்பா, தனியாப் போகக் கூச்சமா இருக்கு" என்றாள். அங்கே போனால் அவள் வாயே திறக்கவில்லை. பயிற்சியாளர் சொன்னதையெல்லாம் அப்பாதான் பொறுப்பாகக் குறித்துக்கொண்டார்.

பக்கம் மாறும் இடைவேளையில் குருவி வேலியருகே ஓடிவந்தாள்.

"அப்பா, நெஞ்சு வலிக்குதா?"

"இல்லையே."

"பின்ன ஏன் முகம் அப்படி இருக்கு?"

"எப்படி?"

"அம்மாவைத் தூக்கிட்டுப் போனப்போ இருந்த மாதிரி."

அந்த முகத்தைக் கைவிட்டார். அடுத்த பாடம் மூச்சு. நாலு எண்ணி இழுத்து, நாலு எண்ணி விடவேண்டும். பந்து வேகமாகப் போய்வந்தது. அவரும் வேகமாக எண்ணினார், கொஞ்சம் சத்தமாகவே.

"ஸ்கோரா சொல்றீங்க?" என்றாள் பக்கத்திலிருந்த எதிராளியின் அத்தை. "எங்க பொண்ணு நாலுல இல்ல சார், அஞ்சுல இருக்கா."

தலை கிறுகிறுத்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்த குருவி, காலடியில் விழுந்த பந்தைக் கோட்டைவிட்டாள். முதல் செட் போயிற்று.

'முடியலைன்னா எழுந்து நடங்க' என்பது மூன்றாவது குறிப்பு. இரண்டாவது செட்டின் நடுவில் எழுந்து வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனார். இரண்டே நிமிடத்தில், ராக்கெட்டும் கையுமாகக் குருவி வாசலில் நின்றாள்.

"எங்கேப்பா போன?"

"உனக்காகத்தான்டி! நீ ஏன் வெளியே வந்த?"

"உன்னைக் காணலைன்னா நான் என்னன்னு நினைக்கிறது?"

அனுமதியில்லாமல் கோர்ட்டை விட்டு வந்ததற்கு நடுவர் ஒரு பாயிண்டை வெட்டினார். மீதியைக் குருவியே கொடுத்துத் தொலைத்தாள்.

ஆட்டம் முடிந்ததும் எதிராளியிடம் கைகுலுக்கினாள். ஏதோ சொல்லிச் சிரிக்கவும் செய்தாள். "பசிக்குதுப்பா, வா" என்றாள். அவருக்குக் கால் வரவில்லை. முழங்கையைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறக்கிக் கூட்டிப்போனாள். அணியை விட்டே போன பிறகும் இவளுக்கு எப்படிப் பசிக்கிறது என்று அவருக்கு ஆற்றாமை பொங்கியது.

மறுநாள் காலை, சாப்பிடாமலேயே பயிற்சியாளரின் அலுவலகத்துக்குப் போனார். வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் பாய்ந்தார்.

"உங்க சாரைக் கூப்பிடும்மா! தோல்வியைத் தாங்கற மனசு வரும்னாரே, எங்கே வந்துது? நேத்து என் பொண்ணு மொத்தமாக் கவுந்துட்டா!"

அவள் பதிவேட்டைத் திறந்து, விரலால் வரிகளைத் தேடினாள். பிறகு நிமிர்ந்து, தயங்கிச் சொன்னாள்.

"தோத்தா உங்க பொண்ணு தாங்கிக்குவாங்களாம் சார், பயிற்சிக்கு உங்க பேரைத்தான் கொடுத்திருக்காங்க."